டேட்டாபேசுக்குள் த்ரெட் விட்ட கதை

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் நெல் கொள்முதல் மென்பொருளை நாங்கள் பராமரிக்கிறோம். தை, மாசியில் சம்பா அறுவடை லோடு லோடாக வந்து இறங்கும். ஒவ்வொரு எடைச்சீட்டுக்கும் ரகம், ஈரப்பதம், கழிவு பார்த்துத் தொகை போட்டு, விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இத்தனையையும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேசுக்குள்ளேயே ஒரே பைத்தான் ஃபங்ஷனாக யாரோ எழுதி வைத்திருந்தார்கள். சீசனில் ராத்திரி ஆரம்பித்தால் விடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும்.

"எட்டு கோர் சர்வர் வாங்கச் சொன்னீங்க, ஒண்ணுதானே ஓடுது?" என்றார் முதலாளி. நியாயமான கேள்வி. போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு பிராசஸ். அதற்குள் ஒரே த்ரெட்தான் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் ஓடும் வேலை இழை) இருக்கும் என்று நம்பித்தான் அதன் சி நிரல் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் அலுவலகத் தம்பி, "ஃபங்ஷனுக்குள்ளயே எட்டு த்ரெட் விட்டுடலாம்ணே" என்றார். போஸ்ட்கிரெஸில் பைத்தான் 'அன்ட்ரஸ்டட்' மொழி, அதாவது கட்டுப்பாடு போடப்படாத மொழி, அதனால் தடுக்க ஆளில்லை. டெஸ்ட் சர்வரில் விட்டுப் பார்த்தார். த்ரெட் ஒன்று டேட்டாபேசைத் தொட்டதும் 'ஸ்டாக் டெப்த் லிமிட் எக்ஸீடட்' என்று நின்றது, அதாவது ஃபங்ஷன் அழைப்புகள் அடுக்கப்படும் நினைவகமான ஸ்டாக்கின் ஆழம் வரம்பு தாண்டிவிட்டதாம். அந்த வரம்பான மேக்ஸ் ஸ்டாக் டெப்த்தை ஏற்று என்று பிழைச் செய்தியிலேயே ஒரு யோசனை. 2 எம்பியை 7 எம்பி ஆக்கினார். அதே பிழை.

ஆழம் கூடியதால் வந்த பிழையே இல்லை அது. மெயின் த்ரெட்டின் ஸ்டாக் தொடங்கும் முகவரியை சர்வர் குறித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்கிறது. புது த்ரெட்டின் ஸ்டாக் நினைவகத்தில் வேறெங்கோ இருப்பதால் தூரம் தாறுமாறாகத் தெரிகிறது. அங்கேயே நின்றது நல்லதுதான். பொது நினைவகம் கெட்டிருக்குமோ என்று, ஒரு பிராசஸ் செத்தாலே மற்ற எல்லாக் கனெக்‌ஷனையும் போஸ்ட்கிரெஸ் அறுத்துவிட்டுத்தான் மறுபடி எழும். வாசலில் டிராக்டர் வரிசையாக நிற்கும்போது எடை மேடைத் திரை அணைந்தால் யார் பதில் சொல்வது?

அதைவிட, நேரம் எங்கே போகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. கணக்குக்கு ஆவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எஸ்எம்எஸ்ஸை அனுப்பித் தரும் கேட்வே சேவையின் பதிலுக்குக் காத்திருப்பது. அதுவரை டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலை) திறந்தே கிடக்கும், வேக்யூம் என்ற துப்புரவு வேலையால் டேபிளின் பழைய வரிசைகளைக் கூட்டித் தள்ள முடியாது. டேட்டாபேசைத் தொடாமல் மெசேஜ் மட்டும் அனுப்பும் த்ரெட் என்றால் ஓடும்தான். ஆனால் ஃபங்ஷன் முடிந்து திரும்பியதும், அடுத்த பைத்தான் அழைப்பு வரும்வரை அது உறைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டைத்தான் ஓடவிடும் பைத்தானின் ஜிஐஎல் பூட்டு பிராசஸின் கையிலேயே தங்கிவிடுவதுதான் காரணம். முடியும்வரை நின்று பார்த்தாலோ, மறுபடி அதே திறந்த டிரான்சாக்‌ஷன்.

கணக்கை டேட்டாபேஸின் சொந்த மொழியான சாதாரண எஸ்க்யூஎல்லுக்கு மாற்றினோம். அனுப்ப வேண்டிய மெசேஜ்கள் ஒரு டேபிளில் சேரும். அவற்றை அனுப்ப டேட்டாபேசுக்கு வெளியே நாலு வொர்க்கர் நிரல், ஆளுக்கொரு கனெக்‌ஷன். 9.5 பதிப்பிலிருந்தே இருக்கும் 'ஸ்கிப் லாக்ட்' இதற்குப் போதும்: லோடுமேன்கள் அடுத்தவர் கைவைத்த மூட்டையை விட்டு அடுத்ததைத் தூக்குவது மாதிரி, பூட்டிய வரிசையைத் தாண்டி அடுத்ததை எடுக்கும். எடுத்ததைக் குறித்து கமிட் செய்து, அதாவது அந்த டேட்டாபேஸ் வேலையை முடித்து வைத்த பிறகுதான் கேட்வேயைக் கூப்பிடுவார்கள்.

தம்பிக்கு இன்னும் ஆசை விடவில்லை. பைத்தான் 3.13-இல் ஜிஐஎல் இல்லாத பில்டு வந்துவிட்டதே என்கிறார். ஜிஐஎல் போனாலும் போஸ்ட்கிரெஸ் பிராசஸ் மாறவில்லையே என்றேன். அதையும் த்ரெட்டுக்கு மாற்றலாம் என்று அதை எழுதுகிறவர்கள் 2023-இல் பேசத் தொடங்கியதை எடுத்துக் காட்டினார். வரட்டும். குறுவைக்கு முன்னால் வொர்க்கரை ஆறாக்கலாம் என்று இருக்கிறோம். மிச்ச ரெண்டு கோர் எடை மேடைக்கு.