ஐஸ் ஹவுஸ் வளைவு: 25 கைகொடுத்தது

லெகோ கட்டைகளில், முதலில் மென்பொருளில் வரைந்து, நான் கட்டிவரும் ஐஸ் ஹவுஸின் வளைவு வந்துவிட்டது. திரையில் மட்டும் இல்லை, மேசைமேலும் வந்துவிட்டது. பேஸ்பிளேட்டை, அதாவது அடித்தட்டைத் தூக்கிக் குலுக்கினாலும் ஒரு பிளேட்கூட (மெல்லிய தட்டைக் கட்டை) நெம்பிக்கொண்டு எழவில்லை. லெகோவில் வட்டச் சுவர் கட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று தெரியும்.

கட்டுவது மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ், அதாவது விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க டியூடர் கம்பெனிக்காரர்கள் எழுப்பியது. அப்புறம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கிக் 'காஸில் கெர்னன்' என்று பெயர் வைத்தார். 1897-இல் விவேகானந்தர் தங்கியது இங்கேதான். கடலைப் பார்த்த அந்த அரைவட்ட முகப்புதான் கட்டிடத்தின் உயிர். அதை எட்டுப்பட்டையாகவோ படிப்படியாகவோ வெட்டிவைத்தால் பார்க்கிறவர்கள் எதோ ஒரு பழைய பங்களா என்றுதான் சொல்வார்கள். அதனால் வளைவு சரியாக வராமல் பின்பக்கம், கூரை என்று எதையும் தொடக் கூடாது என்று வைத்திருந்தேன்.

எல்லாரும் செய்கிற முறை, சம நீளப் பட்டைகளை ஹிஞ்ச் (கீல்) வைத்துக் கோத்து வட்டமாக்குவது. நான்கு ஸ்டட் (கட்டையின் மேலிருக்கும் குமிழ், நீளத்தை அதை வைத்துத்தான் எண்ணுவோம்) நீளத்தில் 24 பட்டை, ஒவ்வொரு மூட்டிலும் 15 டிகிரி, ஆரம் 15.32 ஸ்டட். திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 15.32 என்ற எண்ணே தொல்லை. மூட்டுகள் பேஸ்பிளேட்டின் கட்டங்களில் உட்காராது. அடியில் எதைக் கொடுத்துத் தாங்குவது, மேல்தளத்தை எதோடு இணைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும். இன்னொரு வழி, 1×2 பிரிக்கையும் 1×1 உருளை பிரிக்கையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுவரையே கையால் வளைப்பது. நிஜக் கட்டைகளில் பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் விட்டுத்தான் வார்க்கிறார்கள், 1×1 பிரிக் 8 மில்லிமீட்டர் இல்லை, 7.8 தான். அந்த இடைவெளியில்தான் சுவர் வளைகிறது. மென்பொருளில் இது நடக்காது. அங்கே ஒரு ஸ்டட் என்றால் சரியாக 20 எல்டியு (மென்பொருளின் நீள அலகு), பிளேட் உயரம் 8, பிரிக் உயரம் 24, விட்டுக்கொடுத்தல் என்ற பேச்சே கிடையாது. நெகிழும் சுவரைத் திரையில் காட்ட ஒவ்வொரு கட்டையையும் தனியாகச் சுழற்றி நிறுத்த வேண்டும். நிறுத்தப்பட்டுவிட்ட லெகோ டிஜிட்டல் டிசைனர் மென்பொருளில் இரண்டு ஹிஞ்சைத் தொட்டால் கோணத்தைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்துவிடும் கருவி ஒன்று இருந்தது, அதை நினைக்காமல் இந்த வேலை செய்ய முடியாது.

சரி, 25 எங்கிருந்து வந்தது? 3-4-5 முக்கோணத்தை வைத்துச் சாய்சுவர் கட்டுவது நமக்குப் பழக்கம்தான். 7-24-25 என்ற முக்கோணமும் உண்டு, 3-4-5-ஐ ஐந்தால் பெருக்கினால் 15-20-25. இரண்டுக்கும் கர்ணம் 25. அப்படியென்றால் 25 ஸ்டட் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் கால் வட்டத்துக்குள்ளேயே ஆறு புள்ளிகள் கட்டத்தின்மேல் துல்லியமாக விழும்: (25,0), (24,7), (20,15), (15,20), (7,24), (0,25). இதை நோட்டில் எழுதிப் பார்த்தபோதே மனசு துள்ளியது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே தூரம் போட்டால் 7.07, 8.94, 7.07, 8.94, 7.07. கிட்டத்தட்ட 7, 9, 7, 9, 7! ஸ்டட் மையத்திலிருந்து மையத்துக்கு 7 என்றால் 1×8 பிளேட், 9 என்றால் 1×10 பிளேட். இரண்டும் சாதாரணப் பாகங்கள், பாக எண்கள் 3460, 4477. ஒன்றின் முனை ஸ்டட்டில் அடுத்ததன் முனையைச் சொருகினால் அதுவே மூட்டு.

இதோடு முடியவில்லை. கால் வட்டத்துக்குள் இருக்கும் நான்கு மூட்டுகளிலும் திரும்பும் கோணம் ஒன்றேதான், 18.43 டிகிரி. நீளம் மாறி மாறி வந்தாலும் கோணம் மாறுவதில்லை. நட்டநடுவில், அதாவது (0,25)-இல் இரண்டு 7 பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்தில் மட்டும் 16.26. ஹிஞ்ச் கருவியில் ஒரே எண்ணைத் தட்டிக்கொண்டே போகலாம்.

ஆனால் நான் ஹிஞ்ச் கருவியை ஓரம்கட்டிவிட்டு கோப்பையே எழுத்துத் திருத்தியில் திறந்துவிட்டேன். எல்ட்ரா (LDraw) என்ற லெகோ மாதிரிக் கோப்பு வடிவத்தின் பெரிய அழகு இதுதான். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கியது, 1997-இல் அவர் இறந்தும்விட்டார், ஆனால் அவர் வகுத்த அந்த எளிய வரி அமைப்பை இன்றைக்கும் பல லெகோ மென்பொருள்கள் படிக்கின்றன. ஒரு பாகத்துக்கு ஒரு வரி: முதலில் 1 என்ற எண், பிறகு நிறம், மூன்று இட எண்கள், ஒன்பது சுழற்சி எண்கள், பாகத்தின் பெயர். பிளேட்டின் மையம் எங்கே வர வேண்டும் என்று பார்த்தால் (490,70), (440,220), (350,350), (220,440), (70,490). எல்லாமே முழு எண்கள்! சுழற்சிக்கு முதல் பட்டைக்கு 0.1414, 0.9899, இரண்டாவதுக்கு 0.4472, 0.8944, மூன்றாவதுக்கு இரண்டுமே 0.7071. நான்காவது இரண்டாவதைத் திருப்பிப் போட்டது, ஐந்தாவது முதலாவதைத் திருப்பிப் போட்டது. மறு கால் வட்டத்துக்கு எண்கள் அவையே, குறிகளை மட்டும் மாற்றினால் போதும். பத்து வரிகளில் முழு முகப்பு. எலியைப் பிடித்து இழுத்து இழுத்து இந்தத் துல்லியம் ஒருநாளும் வராது.

இப்போது கூர்மையாகப் பார்க்கிறவர்கள் கேட்பீர்கள், 7.07 என்பது 7 இல்லையே, 8.94 என்பது 9 இல்லையே, அந்த வித்தியாசம் எங்கே போகும் என்று. இங்கேதான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். 1×8 பிளேட் இரண்டு முனையிலும் 0.28 மில்லிமீட்டர் குறைகிறது. 1×10 பிளேட் இரண்டு முனையிலும் 0.22 மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. ஒன்று புள்ளிக்கு முன்னாலேயே நின்றுவிட, மற்றது புள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது, ஆக இரண்டு ஸ்டட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கோணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூட்டில் மிஞ்சும் விலகல் 0.1 மில்லிமீட்டர்தான். பிளாஸ்டிக் அதைத் தாங்கும். கையில் வைத்துச் சொருகும்போது எந்த இறுக்கமும் தெரியவில்லை.

இரண்டு 7 சந்திக்கும் நடு மூட்டில் மட்டும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி விழும். அதனால் முழு வளைவையும் பேஸ்பிளேட்டில் அறையக் கூடாது. நடு மூட்டை மட்டும் ஒரு 1×1 பிளேட்டின் ஸ்டட்டில் பிடித்துவிட்டு, மற்ற எல்லா மூட்டுக்கும் அடியில் டைல் (ஸ்டட் இல்லாத வழவழப்பான தட்டு) போட்டுவிட்டேன், மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பாதியும் நடுவை நோக்கி 0.28 மில்லிமீட்டர் நகர்ந்துகொள்ளும், இரண்டு கோடிகளும் பின்கட்டுச் சுவருக்குள் மறைந்துவிடுவதால் யார் கண்ணுக்கும் தெரியாது. திரையில் இதற்கு ஒவ்வொரு பாதியையும் மொத்தமாக 0.7 எல்டியு தள்ளினேன். இந்தக் கால் மில்லிமீட்டர் விஷயத்தைத் திரையிலேயே தீர்த்துவைத்தால்தான் நிஜத்தில் கட்டும்போது நிம்மதி.

பட்டைகள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக மாறி வருவதால் கீழே இருக்கும் 1×8-இன் நடு நான்கு ஸ்டட்டில் ஒரு 1×4 பிளேட்டைப் போட்டுச் சமன் செய்ய வேண்டும், கீழே வரும் 1×10-க்கு 1×6. அதற்குமேல் சுவர் 6 அல்லது 8 ஸ்டட் அகலம். மூட்டின் ஸ்டட் காலியாக இருக்கும், அங்கே 1×1 உருளை பிரிக்கை அடுக்கினால் தூண். சுவர்களின் உள்மூலைகள் இடிக்கின்றனவா என்று மென்பொருளின் மோதல் சோதனையில் பார்த்தேன், முக்கால் ஸ்டட்டுக்கு மேல் இடம் மிச்சம். ஒவ்வொரு தளத்தின் உச்சியிலும் இதே வளையத்தை இன்னொரு முறை போட்டால் எல்லாம் இறுகிக்கொள்ளும்.

பாகம் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம். ஒரு வளையத்துக்கு 1×8 ஆறு, 1×10 நான்கு, சமன் பிளேட்டுகள் தனி. அடி வளையம் கண்ணில் படாது என்பதால் வீட்டில் இருக்கும் எந்த நிறத்தையும் போடலாம், அங்கே காசைக் கரைக்காதீர்கள். வெளியே தெரிவது சுவரும் தூணும் மட்டும், அவற்றைத்தான் டான் (வெளிர் பழுப்பு) நிறத்தில் வாங்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் சின்னச் சின்ன ஆர்டராகப் போட்டால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து பாகத்தின் விலையை விழுங்கிவிடுகின்றன. ஒருமுறை வந்த பொட்டலத்தில் புதியது என்று சொல்லி விற்ற உருளை பிரிக்குகள் வெயிலில் பழுத்த மஞ்சளாக இருந்தன, தூணுக்கு அது உதவவே உதவாது. இப்போது மென்பொருளிலிருந்து பாகப் பட்டியலை எடுத்து, ஒரே கடையில் முக்கால்வாசி கிடைக்கிற மாதிரி நிறங்களைத் திரையிலேயே மாற்றிவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

இன்னும் பாக்கி நிறைய. ஜன்னல்களுக்கு மேல் வரும் வளைவை 6 ஸ்டட் அகலத்துக்குள் எப்படி அடக்குவது என்று முடிவாகவில்லை, ஆர்ச் பாகம் போட்டால் தடித்துப் போகிறது, பிராக்கெட் (எல் வடிவத் தாங்கி) வைத்துப் பக்கவாட்டில் திருப்பினால் அரை பிளேட் வெளியே துருத்துகிறது. உச்சியில் இருக்கும் கைப்பிடிச் சுவரை வளையத்தோடு சேர்த்தே எடுக்கலாம் என்று தோன்றுகிறது. இதற்கு நடுவே சேப்பாக்கத்து செனட் ஹவுஸ் மூலைக் கோபுரங்களின் குவிமாடத்துக்கு லோவெல் உருண்டையை (லெகோவில் கோளம் கட்டும் ஒரு முறை) பாதியாக வெட்டினால் சரிவருமா என்று ஒரு கோப்பு திறந்துவைத்திருக்கிறேன், ஐஸ் ஹவுஸின் கூரை மூடும்வரை அதைத் தொடுவதாக இல்லை. கோப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு அந்தப் பத்து வரிகளே போதும், மேலே சொன்ன எண்களை வைத்து நீங்களே எழுதிக்கொள்ளலாம், 32×32 பேஸ்பிளேட் இரண்டை ஒட்டிவைத்தால் முகப்பு தாராளமாக உட்காரும்.