தை முதல் ஆடி வரை: உடுமலைக் காற்றில் எஃப்.பி.வி. ட்ரோன் பழகியது

எஃப்.பி.வி. என்றால் ட்ரோனின் கேமரா காட்டுவதைக் கண்ணில் மாட்டிய காகிள்ஸில் பார்த்தபடியே ஓட்டுவது. நாங்கள் அதைப் பழகுகிற கிரவுண்ட் ஒரு கொறங்காடு, மாடு மேய்கிற நிலம். உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற சாலையை விட்டு இறங்கி, மண் தடத்தில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் வரும். நான்கு ஏக்கர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், மேற்கு ஓரத்தில் நாலைந்து வெள்வேல மரம். கிழக்கே வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் காடு. தோட்டத்துக்கார அய்யா ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மாடுகளைப் பக்கத்துக் காட்டுக்கு ஓட்டிவிட்டு எங்களுக்கு இடம் விடுகிறார். ஏழு பேர் சேர்ந்து வருசக் குத்தகை கொடுக்கிறோம்.

தையில் தொடங்கி ஆடி வரை நோட்டில் குறித்து வைத்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன். புதிதாக ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்ன ட்ரோன் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கே பறக்க விடுவீர்கள், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். இந்த ஏழு மாதத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த இரண்டும்தான்.

மார்கழி முழுக்க வீட்டில் சிமுலேட்டர். ரிமோட்டை லேப்டாப்பில் செருகி, தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம். நோட்டுக் கணக்குப்படி 40 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். ஆங்கிள் மோடைத் தொடவே இல்லை, ஆக்ரோ மட்டும். ஆங்கிள் மோடில் குச்சியை விட்டால் ட்ரோன் தானே நேராகிவிடும். ஆக்ரோவில் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகத்தில் ட்ரோன் திரும்பிக்கொண்டே இருக்கும். முன்னால் 30 டிகிரி சாய்த்துவிட்டுக் குச்சியை நடுவில் விட்டால், அப்படியே 30 டிகிரியில் நின்று ஓடிக்கொண்டிருக்கும். நேராக்குவதும் நாம்தான் செய்ய வேண்டும். முதல் 10 மணி நேரம் இது எனக்குக் கைக்கு வரவே இல்லை. அதற்கப்புறம் பிடிபட்டது ஒரே நாளில்.

அதே மாதத்தில் ட்ரோனையும் கட்டி முடித்தேன். முழுதாகச் செய்த ட்ரோனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது; பாகங்களுக்குத் தடை இல்லை. நம் பக்கம் பழகுகிறவர்கள் பலரும் பாகமாக வாங்கித் தாங்களே கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். என்னுடையது 5 அங்குல ப்ராப்புக்கான (சுழலும் விசிறி இறக்கை) கார்பன் ஃப்ரேம். 2207 என்கிற அளவில் மோட்டார் நான்கு, ட்ரோனின் மூளையாக எஃப்7 ஃப்ளைட் கன்ட்ரோலர், ரிமோட்டின் சிக்னலை வாங்க எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர், காகிள்ஸுக்குப் படம் அனுப்ப அனலாக் வீடியோ டிரான்ஸ்மிட்டர். 6 செல் பேட்டரியோடு சேர்த்துத் தராசில் 680 கிராம்.

பேட்டரி ஒயரை ஈயத்தால் பற்றவைக்கும் இடத்தில்தான் மூன்று சாயங்காலம் போனது. பேட்டரியை மாட்டும் எக்ஸ்டி60 கனெக்டருக்குப் போகிற ஒயர் தடிப்பானது. அது போய் ஒட்டுகிற, போர்டில் இருக்கும் பேடுக்கு அடியில் இருக்கும் செம்பு, சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். சால்டரிங் அயர்னின் ஊசி முனையால் தொட்டால் ஈயம் இளகாமல் மேலே மங்கலான உருண்டையாக உட்காரும். இழுத்தால் முழுசாகப் பெயர்ந்து வரும். உளி மாதிரி அகல முனையை மாற்றினேன். பேடில் ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, பேடுக்கும் ஒயர் முனைக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்திப் பிடித்தேன். மூன்று, நான்கு விநாடியில் இரண்டு ஈயமும் சட்டென்று பளபளத்து ஒன்றாகி, ஒயரின் இழைகளுக்குள் ஓடியது. அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. பார்த்த பிறகு, ஈயம் உறைகிற வரைக்கும் ஒயரை அசைக்கக் கூடாது.

கட்டி முடித்ததும் முதல் தடவை பேட்டரி மாட்டும்போது நடுவில் ஸ்மோக் ஸ்டாப்பர் வைத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் போர்டு கருகாமல் அது தடுத்துவிடும். பீட்டாஃப்ளைட் என்கிற மென்பொருளில் மோட்டார் திசையைச் சோதிக்கும்போது நான்கு ப்ராப்பும் கழற்றித் தனியாக டப்பாவில் இருந்தன. இதில் சலுகையே கிடையாது. எங்கள் ஏழு பேரிலேயே இரண்டு பேர் விரலில் தையல் தழும்பு இருக்கிறது, இரண்டும் வீட்டு மேசையில் பட்டது.

தை இரண்டாம் ஞாயிறு முதல் தடவையாகக் கிரவுண்டுக்குப் போனேன். போகிற முன்பே ட்ரோனுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொண்டேன். பச்சை மண்டலம், 400 அடி வரை போகலாம். நாங்கள் 150 அடியைத் தாண்டியதே இல்லை, எஃப்.பி.வி.யில் சுவாரசியம் எல்லாம் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோ வரைக்குமான ட்ரோனை வணிகமில்லாமல் ஓட்டுகிறவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் பொழுதுபோக்குக்கான மாடல் என்று விதி எதைச் சொல்கிறதோ, அதைக் கண் பார்வைக்குள்தான் ஓட்ட வேண்டும். காகிள்ஸ் மாட்டியவனுக்குக் கேமரா காட்டுவது மட்டும்தான் தெரியும். சுற்றி எதுவும் தெரியாது. அதனால் காகிள்ஸ் மாட்டாமல் வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஸ்பாட்டர் என்போம்.

எனக்கு அன்றைக்கு ஸ்பாட்டராக நின்றவர் பல்லடத்திலிருந்து வருகிற அண்ணன். எங்களில் மூத்தவர், முன்பு கிளைடர் விமானங்கள் செய்து பறக்கவிட்டவர். மோட்டாரை ஓடவிடும் சுவிட்சைப் போட்டு ஆர்ம் பண்ணியதும் மோட்டார்கள் சீறிய சத்தத்தில் என் இரண்டு கையும் நடுங்கின. சிமுலேட்டரில் நடுங்கியதே இல்லை. "த்ராட்டிலை மட்டும் பாருங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். முதல் பேட்டரி 4 நிமிடம். வேலிக்குள்ளேயே ஆறு சுற்று. இறங்கியதும் நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோசம்.

நான்காம் ஞாயிறு மக்காச்சோளக் காட்டுக்குள் விழுந்தேன். வெள்வேல மரத்தைச் சுற்றி வளைத்துத் திரும்பும்போது கேமராவில் சூரியன் நேரே விழுந்து ஒரு நொடி எதுவும் தெரியவில்லை. த்ராட்டிலைக் கூட்டினேன், குறைத்திருக்க வேண்டும். வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. பேட்டரி கழன்று தெறித்ததால், விழுந்த இடத்தைக் காட்டக் கத்துகிற பீப்பரும் சத்தம் போடவில்லை. கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற காடு, ஆள் உயரத்துக்கு மேல்.

அண்ணன் காகிள்ஸில் பதிவான வீடியோவைத் திருப்பி ஓட்டினார். கடைசி 2 விநாடியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். கடைசிக்கு முந்தைய ஃபிரேமில் ஒரு காற்றாலையின் கம்பம், அதற்கு நேர் கீழே மோட்டார் ரூமின் மூலை. இரண்டும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தை வரப்பில் நடந்து பிடித்தோம். அங்கிருந்து உள்ளே நுழையப் போனபோது அய்யா வந்துவிட்டார். "குறுக்கால போகாதீங் தம்பி, சாலுக்குள்ளயே போங்க. தட்டை சாஞ்சா சாஞ்சதுதானுங்க" என்றார். சால் சாலாகப் போனோம். ஒன்பதாவது சாலில் அய்யாதான் கண்டுபிடித்தார். தலைகீழாகத் தட்டைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி நான்கு அடி தள்ளி, ஒரு மூலை நசுங்கி இருந்தது. நசுங்கிய லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உடனே தீப்பிடிக்காமல் அரை மணி கழித்தும் பிடிக்கலாம். மணல் வாளியில் போட்டு வெட்டவெளியில் வைத்தோம். அதை அப்புறம் பயன்படுத்தவே இல்லை. முறிந்த மூன்று தட்டைக்கு அய்யா பணம் வாங்க மறுத்தார். அடுத்த வாரம் நாங்களே போய் வேலியில் சாய்ந்திருந்த பக்கத்தைக் கட்டிக் கொடுத்தோம்.

மாசியில் நடந்தது இதைவிட எனக்கு வலித்தது, ஏனென்றால் விழுந்தது என் ட்ரோன் இல்லை.

வேலிக் கம்பத்தில் ஒரு பலகை தொங்கும். அதில் நான்கு எண்கள் எழுதியிருக்கும்: 5732, 5769, 5806, 5843. வீடியோ அனுப்புகிற அலைவரிசைகள், மெகாஹெர்ட்ஸில். ரேஸ்பேண்ட் என்கிற எஃப்.பி.வி. வீடியோ அலைவரிசைத் தொகுப்பில் மொத்தம் எட்டு சேனல். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட 5725 முதல் 5875 வரைக்குள் அடங்குவது நடுவில் இருக்கிற இந்த நான்குதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் துணிக் கிளிப். கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டியவர்தான் அந்தச் சேனலில் பேட்டரி செருகலாம். இறங்கியதும் கிளிப் பலகைக்குத் திரும்ப வேண்டும்.

அன்றைக்கு என் சட்டையில் பச்சைக் கிளிப், 5843. ஆனால் முந்தின ராத்திரி ஃப்ளைட் கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றியிருந்தேன், சேனல் பழைய அமைப்புக்கே போயிருந்தது. அது 5769. நான் பேட்டரி செருகிய அதே நேரத்தில் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி 5769-இல் பறந்துகொண்டிருந்தான். அவன் காகிள்ஸில் அவன் பார்த்துக்கொண்டிருந்த வானம் போய், என் கேமரா பார்த்த புல்லும் என் செருப்பும் வந்துவிட்டன. "அண்ணா, யாருண்ணா சொருகுனது!" என்று கத்தினான். உடனே மோட்டாரை நிறுத்தி டிஸ்ஆர்ம் பண்ணிவிட்டான், அது சரியான முடிவு. 40 அடி உயரத்திலிருந்து ட்ரோன் விழுந்து ஃப்ரேமின் ஒரு கை உடைந்தது, ஒரு மோட்டாரின் சுழலும் மேல்கூடு வளைந்தது. மாணவன். அந்த மோட்டாருக்கு அவன் இரண்டு மாதம் சேர்த்திருந்தான். ஃப்ரேமும் மோட்டாரும் நான் வாங்கிக் கொடுத்தேன், அவன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பற்றவைத்தும் கொடுத்தேன். கிளிப் சட்டையில் இருந்தால் மட்டும் போதாது என்று அன்றிலிருந்து பலகைக்குக் கீழே இன்னொரு வரி எழுதினோம்: "முதல் ஆளாகச் செருகி, திரையில் எண்ணைப் பார்." ஃபர்ம்வேர் மாற்றியவர் யாரும் பறக்காத நேரத்தில் ஒரு தடவை செருகி, சேனலை வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும்.

அந்த மாதம் பாதி நாள் நான் ஸ்பாட்டராகத்தான் நின்றேன். முதலில் பிராயச்சித்தம் மாதிரி ஆரம்பித்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது. ஸ்பாட்டர் நிறையப் பேசக் கூடாது. "வலது பக்கம் பருந்து", "தடத்தில் ஆள்", "பின்னால் வந்தாச்சு, வேலி". இவ்வளவுதான். திசையை முதலில் சொல்ல வேண்டும், காரணத்தை அப்புறம். பருந்து வட்டம் போட்டால் பறப்பவர் இறங்க வேண்டும், அதில் விவாதம் இல்லை. நின்று நின்று பார்த்ததில் ஒவ்வொருவர் கையும் எனக்குத் தெரிய வந்தது. அண்ணன் திருப்பத்துக்கு முன்பே த்ராட்டிலைக் குறைக்கிறார், திருப்பத்துக்குள் கூட்டுகிறார். நான் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். வெளியில் நின்று சத்தத்தைக் கேட்டபோதுதான் அது புரிந்தது.

பங்குனிக் கடைசியில் கிழக்குப் பக்கம் ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே தலைக்கு மேல் பாய்ந்தது. போய்ப் பார்த்தால், வெறும் தரையில் சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், நடுவில் நான்கு முட்டை. மண் நிறம், கறுப்புப் புள்ளி. கூர்ந்து பார்த்தும் இரண்டு தடவை கண்ணிலிருந்து தப்பின. சுற்றி 30 அடிக்குக் கயிறு கட்டினோம். ட்ரோன் நுழைந்து போக நட்டிருந்த கேட்டுகளையும் புறப்படும் இடத்தையும் மேற்குக்கு மாற்றினோம். குஞ்சு பொரித்து வெளியேறும் வரை ஒரு மாதத்துக்கு மேல் கிழக்குப் பாதி பக்கம் ஒருவரும் பறக்கவில்லை.

சித்திரையில் 9 மணிக்கு மேல் பறப்பதை நிறுத்திக்கொண்டோம். காய்ந்த புல்லில் விழுந்த ட்ரோனிலிருந்து ஒரு பொறி போதும், மாடு மேய்கிற காடு போய்விடும். மணல் வாளி இரண்டு, தண்ணீர்க் குடம் இரண்டு, ஈரச் சாக்கு ஒன்று இல்லாமல் யாரும் ஆர்ம் பண்ணக் கூடாது. பேட்டரிகளைக் காருக்குள் விடாமல் தெர்மோகோல் பெட்டியில் வெள்வேல நிழலில் வைத்தோம். கேமராக் கோணத்தை 20 டிகிரியிலிருந்து 30-க்கு ஏற்றியதும் இந்த மாதம்தான். கேமரா மேல் நோக்கி இருந்தால் வேகமாக முன்னால் சாயும்போதுதான் எதிரே இருப்பது நேராகத் தெரியும். மெதுவாகப் போனால் வானம் மட்டும்தான் தெரியும். கோணத்தை ஏற்றினால் வேகத்தையும் ஏற்றியே தீர வேண்டும். பிவிசி குழாயில் கட்டிய 5 அடி கேட் நான்கையும் தொடாமல் ஒரு சுற்று முடித்தேன்.

ஆனி பிறந்ததும் காற்று வந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இது. இந்தப் பக்கம் காற்றாலை நட்டிருப்பதே இதை நம்பித்தான். முதல் வாரம் காற்றோடு கிழக்கே பறந்து போனேன். போகும்போது எதுவுமே தெரியவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும்போது அரைக்கும் மேல் த்ராட்டில் கொடுத்தும் நகர்கிற மாதிரி இல்லை. திரையில் பேட்டரி 21 வோல்ட்டுக்குக் கீழே போனது, செல்லுக்கு 3.5. அதுதான் இறங்க வேண்டிய எல்லை. வேலிக்குள் வந்து சேர்ந்தபோது 20.1. இப்போது எல்லோரும் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போகிறோம், திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கிறது. தை மாதத்தில் 4 நிமிடம் வந்த பேட்டரிக்கு இப்போது டைமர் இரண்டே முக்கால் நிமிடம்.

ஆடியில் விடிந்ததும் 6 மணியிலிருந்து 8 மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். கம்பத்தில் கட்டிய ரிப்பன் முழுக்கப் படுத்துக்கொண்டு படபடத்தால் அன்றைக்குப் பறப்பதில்லை. பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைத்துவிட்டு, ஒயரும் ஈயமுமாக நிழலில் உட்கார்ந்துவிடுவோம். போன ஞாயிறு அப்படி ஒரு நாள். அய்யா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆவணியில் கிழக்கே மக்காச்சோளம் போடப் போவதாகச் சொன்னார். விதைக்கிற முன்பே கேட்டுகளை வேலியிலிருந்து இன்னும் 60 அடி உள்ளே தள்ளி நட்டுவிட்டோம்.