பரீட்சை வெக்காதீங்க ப்ளீஸ்

சித்தப்பாவுக்கு பைக் ஆக்சிடெண்ட்ல தலைல அடிபட்டதுலேர்ந்து பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "நான் யாரு சொல்லு பாப்போம்". அவரும் பாவம், பெரியத்தைய பாத்து ஒரு தடவ நர்ஸம்மா பேரச் சொல்லிட்டாரு, அதுலேர்ந்து அத்தை எப்ப வந்தாலும் சரோஜாதான்.

தேடினா 1994லயே இங்கிலாந்துல பேட்லியும் பார்பரா வில்சனும் இத ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. ஞாபகம் போன 16 பேரு, யூகிக்க விட்டு சொல்லிக்குடுத்தத விட நேரா விடைய சொல்லிக்குடுத்ததுதான் நல்லா நின்னுச்சாம். நமக்கு தப்பா சொன்னது ஞாபகம் இருக்கும், திருத்திக்குவோம், அவங்களுக்கு அதுவே மறந்துரும் ஆனா தப்பு வார்த்த மட்டும் உள்ள பதிஞ்சு உக்காந்துக்கும்.

இப்பல்லாம் அத்தை வாசல்லயே "தம்பி, மீனாட்சி அக்கா வந்திருக்கேன்டா"ன்னு சொல்லிட்டுதான் செருப்பையே கழட்டுது.