லகோட்டா மழலையர் பள்ளியில் மகனைச் சேர்த்த அனுபவம்

என் கணவர் அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா இனத்தவர். ஆனால் மகனைச் சேர்த்தபோது அவருக்கும் என் மாமியாருக்கும் லகோட்டா மொழியில் பேச வராது. 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் உறைவிடப் பள்ளி தொடங்கி, லகோட்டா மக்கள் வாழும் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் பகுதிப் பிள்ளைகளை அங்கே கொண்டுசென்ற காலம் முதல், தாய்மொழி பேசினால் தண்டனை என்ற நிலை பல தலைமுறைகளுக்கு நீடித்ததன் விளைவு இது. ஸ்டாண்டிங் ராக் என்ற பழங்குடியினர் பகுதியில் சிட்டிங் புல் கல்லூரி 2012-இல் சிறு பிள்ளைகளுக்காக லகோட்டா மொழிவழிப் பள்ளியைத் தொடங்கியதை அறிந்திருந்தோம். அதே போன்ற சிறு பள்ளி ஒன்று எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் மகனை அங்கே சேர்த்தோம்.

விண்ணப்பத்தில் சிரமம் எதுவும் இல்லை. பெற்றோரும் மாலை வகுப்புக்கு வந்து மொழியைக் கற்க வேண்டும், பள்ளிக்குள் ஆங்கிலம் பேசக் கூடாது என்ற நிபந்தனைகளை நிறைவேற்றுவதுதான் கடினமாக இருந்தது. வீட்டில் ஒருவரும் பேசாத மொழியைப் பள்ளி மட்டும் குழந்தையிடம் நிலைநிறுத்த முடியாது என்பதால், அவற்றை முழு மனதுடன் ஏற்றேன். தமிழில் ஒரே ககரத்துக்குப் பழகிய எனக்கு, சாதாரண ககரம், மூச்சு கலந்த ககரம், தொண்டையை அடைத்து வெடிக்கும் ககரம் என்று மூன்றையும் பிரித்துக் கேட்பதற்கே நெடுநாள் பயிற்சி தேவைப்பட்டது.

முதல் வாரங்களில் மகன் தண்ணீர்க் குவளையைக் கைகாட்டி அழுதான். ஆசிரியை குவளையை ஏந்தியபடி "ம்னி" (தண்ணீர்) என்று சொல்லி, அவன் உதடு அசையும்வரை பொறுமையுடன் காத்திருப்பார். குளிர்காலத்துக்குள் அவன் முழு வாக்கியமாகவே கேட்கத் தொடங்கினான்.

அப்போதுதான் நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. ஒன்றை அழுத்திச் சொல்லும்போது ஆண்கள் வாக்கியத்தை "யெலோ" என்றும், பெண்கள் "க்ஷ்டோ" என்றும் முடிப்பார்கள். ஆசிரியைகள் அனைவரும் பெண்களாக இருந்ததால், மகனும் "க்ஷ்டோ" என்றே முடித்தான். வகுப்புக்கு வரும் முதியவர் ஒருவர் அதைக் கவனித்து, தந்தையின் வாயிலிருந்து அவன் தினமும் கேட்க வேண்டும் என்றார். மாலை வகுப்பில் கற்றும் அதுவரை கூச்சத்தால் பேசாதிருந்த என் கணவர், அதன் பிறகு காலையில் காரில் செல்லும்போது வழியில் தெரியும் குதிரைகளையும் பனியையும் பற்றி மகனிடம் லகோட்டாவில் சொல்லத் தொடங்கினார்.

இப்போது எங்கள் கவலை முதல் வகுப்பைப் பற்றியது. அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் பயிற்றுமொழி ஆங்கிலம்தான். லகோட்டா மொழிவழியிலேயே மேலும் ஒரு வகுப்பைத் தொடங்குமாறு பெற்றோர் சேர்ந்து நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் பயிற்சிக்கு என் கணவரும் பெயர் கொடுத்திருக்கிறார்.