காற்றில் பழகியவர்கள் கூரைக்குள் ஆடியபோது

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வள்ளியூரில் வெகுநேரம் நிற்காது என்பதால், ஐந்து பெண்பிள்ளைகளையும் அவர்களுடைய பைகளையும், வலைக்குள் கட்டிக் கொண்டுவந்த பந்துகளையும் பெட்டிக்குள் ஏற்றி முடிப்பதற்குள் பி.டி. ஆசிரியருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. மாநில இளையோர் மகளிர் கைப்பந்து அணிக்கான தேர்வு, தாம்பரத்துக்கு அப்பால் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் உள்ளரங்கில் நடக்கவிருந்தது. என் அக்கா மகள் இசக்கியம்மாளும் அந்த ஐவரில் ஒருத்தி. பெண்பிள்ளைகள் வெளியூர் போகும்போது கூடவே ஒரு பெண் துணை இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்லூரி நாள்களில் நானும் இந்த ஆட்டத்தை ஆடியவள் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. உண்மையைச் சொன்னால், நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தேர்வு மாநில அணியோடு முடிந்துவிடும் விஷயமன்று. மாநில அணியில் இடம் கிடைத்தால் தேசியப் போட்டி, அங்கே தேர்வாளர்களின் கண்ணில் பட்டால் இந்திய முகாம், அதைத் தாண்டினால் ஆசிய இளையோர் போட்டி, அதில் முன்னிலை பெறும் நாடுகளுக்கு உலக இளையோர் போட்டி என்று இது மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். உலக அளவில் 18 வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளுக்கான தனிப் போட்டி 1989-இல் பிரேசிலில் தொடங்கியது. 2024 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தனியாக ஒன்று வந்துவிட்டது. அதன் முதல் போட்டி பெருவின் தலைநகரான லிமாவில் நடைபெற்றது. இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவள் இசக்கிதான். 2022-இல் தாய்லாந்தின் நகோன் பதோமில் நடந்த 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியின் ஆட்டங்களைத் தன் அப்பாவின் கைப்பேசியில் அவள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். ஜப்பான் அணியில் யார் எந்த இடத்தில் நின்று பந்தை எடுப்பார்கள் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, மதுரை தாண்டிய பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கீழே இருந்த பெரியவர் ஒருவர் விளக்கை அணைக்கச் சொன்ன பிறகுதான் பேச்சு நின்றது.

விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, கல்லூரி விடுதியில் பைகளை வைத்துவிட்டு, கேன்டீனில் பொங்கலும் வடையும் சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை அரங்குக்கு அழைத்துச் சென்றோம். அதுவரை கலகலவென்று வந்தவர்கள் வாசலிலேயே பேச்சடங்கி நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆடுகளம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் அதற்குக் காரணம் புரியும். செம்மண்ணைச் சமப்படுத்தித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட களம் அது. ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்ற பகுதி என்பதால், ஆனி, ஆடி மாதங்களில் காற்று பந்தை எங்கே கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் இரவு விளக்கு கட்டி நடத்துகின்ற போட்டிகள் முழுக்க இந்த மண்ணில்தான் நடக்கின்றன. இங்கேயோ நீலமும் ஆரஞ்சும் கலந்த செயற்கைத் தரை, தலைக்கு மேலே வெகு உயரத்தில் இரும்புக் கூரை, வரிசையாக விளக்குகள், அசையாத காற்று.

சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகள் இதில் மிகவும் கண்டிப்பானவை. உலக அளவிலான போட்டிகள் மரத் தரையிலோ செயற்கைத் தரையிலோ மட்டுமே நடக்க வேண்டும். சாதாரணப் போட்டிக்குக் களத்துக்கு மேலே 7 மீட்டர் தடையற்ற வெளி போதும் என்றாலும், உலகப் போட்டிக்கு 12.5 மீட்டர் வேண்டும். 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட களமும் 2.24 மீட்டர் உயர வலையும் வள்ளியூரிலும் ஒன்றுதான், லிமாவிலும் ஒன்றுதான். வேறுபடுவது காலுக்குக் கீழே இருப்பதும் தலைக்கு மேலே இருப்பதும். பெண்கள் கைப்பந்தில் நாம் பின்தங்கியிருப்பதற்கு உயரக் குறைவே காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்; நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். அந்த அரங்கில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து பார்த்த பிறகு, உயரத்தைவிடத் தரைதான் பெரிய காரணம் என்று எனக்குப் பட்டது.

முதலில் அளவெடுத்தார்கள். சுவரில் கறுப்புப் பலகை ஒன்றைப் பொருத்தி, அதில் மீட்டர் கோடுகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் விரல்நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, முதலில் நின்றபடி கையை உயர்த்தித் தொட வேண்டும். பிறகு மூன்று எட்டு ஓடிவந்து குதித்துத் தொட வேண்டும். இரண்டு வெள்ளைத் தடங்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அவளுடைய குதிப்பு. உலக இளையோர் போட்டிகளில் வீராங்கனையின் பெயருக்கு எதிரே உயரத்தோடு, ஓடிவந்து எட்டும் உயரம், பிளாக் செய்யும்போது, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையோரம் குதித்துத் தடுக்கும்போது எட்டும் உயரம் என்று இரண்டு எண்களையும் அச்சிடுவது வழக்கம். இசக்கியின் தடம் 2.70 கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒல்லியான பெண் ஒருத்தி பலகையின் மேல்விளிம்பு வரை தொட்டுவிட்டாள். தேர்வாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஆட்டம். எங்கள் பிள்ளைகளின் முதல் சில சர்வீஸ்கள் எல்லைக்கு வெளியே போய் விழுந்தன. எதிர்க்காற்றுக்கு ஏற்ற வேகத்தில் அடித்துப் பழகிய கைகள் காற்றே இல்லாத இடத்திலும் அதே வேகத்தில் அடித்தால் வேறென்ன நடக்கும்? இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த இசக்கி, "சித்தி, பந்து அடிச்ச எடத்துக்கே போவுது. ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். குறையாகச் சொல்கிறாளா, வியந்து சொல்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது செட்டிலேயே சர்வீஸ் சரியாகிவிட்டது. ஆனால் சர்வீஸ் சரியான அளவுக்குத் தற்காப்பு சரியாகவில்லை.

எதிரணியினர் அடித்த பந்து, வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போட்ட கோட்டுக்கு அருகே தாழ்வாக இறங்கும்போது, சென்னை விளையாட்டு விடுதி மாணவிகள் மார்பும் வயிறும் தரையில் வழுக்கும்படி பாய்ந்து, ஒற்றைக் கையை விரித்துப் பந்துக்கு அடியில் நுழைத்து எழுப்பிவிட்டு, அடுத்த நொடியே எழுந்து நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் அதே பந்துக்கு ஓடிப் போய் முழங்காலை மடக்கி நின்றார்கள். அந்த அரை நொடியில் பந்து தரையைத் தொட்டிருக்கும். செம்மண்ணில் அப்படிப் பாய்ந்தால் முழங்கையும் தாடையும் உரிந்துபோகும் என்பதால், அறிவுள்ள எந்தப் பிள்ளையும் அங்கே பாய மாட்டாள். நானும் பாய்ந்ததில்லை. ஊரில் ஆடிய காலத்தில் எனக்குத் தழும்பு இல்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் நான். தேர்வாளர்களில் ஒருவரான நடுத்தர வயதுப் பெண்மணி ஆட்டத்தை நிறுத்தி, இசக்கியை அருகே அழைத்து, "கீழ விழப் பயப்படாதம்மா, இது மண்ணு இல்ல" என்று சொல்லி, தானே சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் கை ஊன்றி உடம்பை முன்னே வழுக்கவிடுவது எப்படி என்று மெதுவாகக் காட்டினார். அந்த வயதில் அவர் அதைச் செய்த விதத்தைப் பார்த்து அரங்கமே கைதட்டியது.

பெண்கள் கைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1964-இல், டோக்கியோவில். அந்தத் தங்கத்தை வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலோர் கைசுகா என்ற ஊரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த பெண்கள். பயிற்சியாளர் டைமட்சு ஹிரோபுமி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான வித்தை, பாய்ந்து பந்தை எடுத்துவிட்டுத் தரையில் உருண்டு அப்படியே எழுந்து நிற்பது. கடைசி ஆட்டத்தில் எதிரே நின்ற சோவியத் பெண்கள் அவர்களைவிட உயரமானவர்கள். ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஜப்பான் ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்காமல் வென்றது. 1998-இல் லிபரோ என்ற இடத்தைச் சர்வதேச ஆட்டத்தில் கொண்டுவந்ததும் தற்காப்புக்கு ஒரு தனிக் கலைஞர் வேண்டும் என்பதற்காகத்தான். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பிளாக் செய்யாமல், வலைக்கு மேலே பந்தை அடிக்காமல், பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பது மட்டுமே அவளுடைய வேலை. குள்ளமான பெண்ணுக்கு இந்த ஆட்டத்தில் இடம் இல்லை என்று எங்கள் ஊரில் இன்னமும் சொல்பவர்களை இந்த ஒரு விதியே மறுத்துவிடுகிறது. அவளுக்கு வேண்டியது விழுவதற்குத் தகுந்த தரை.

ஆட்டங்கள் முடிந்த மறுநாள் ரயில் இரவில்தான் என்பதால் பிள்ளைகளுக்கு நகரத்தைக் காட்டக் கிளம்பினோம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலையும் ரிப்பன் மாளிகையையும் பார்த்துக்கொண்டே பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கத்துக்கு நடந்தோம். அதன் உள்ளரங்கில்தான் 2019-இல் புரோ வாலிபால் லீக்கின் இறுதி ஆட்டம் நடந்து, சென்னை ஸ்பார்டன்ஸ் அணி கோழிக்கோடு அணியை வென்றது. 2022-இல் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவும் அங்கேதான் நடந்தது. அந்த லீக் ஆண்களுக்கானது என்பதை இசக்கிதான் நினைவுபடுத்தினாள். காவலாளி உள்ளே விடவில்லை. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம். பி.டி. ஆசிரியர் அங்கே நின்றபடி, 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்ற கதையை, அந்த அணியில் ஆடிய ஜிம்மி ஜார்ஜின் பாய்ச்சலோடு சேர்த்து நடித்துக் காட்டியதில், அந்த வழியே போன ஆட்டோக்காரர் ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை. சுண்டலும் மாங்காயும் வாங்கிக்கொடுத்துவிட்டு நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சற்றுத் தள்ளி வலை கட்டி ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் சிலர், எங்கள் பிள்ளைகளின் கையிலிருந்த பந்தைப் பார்த்து, "வர்றீங்களா?" என்று கூப்பிட்டார்கள். மணலில் குதிப்பு பாதியாகிவிடும்; ஓட்டம் சேற்றில் நடப்பது போல் இருக்கும். ஆனால் விழுந்தால் வலிக்காது. இசக்கி அங்கேதான் முதன்முதலாகப் பாய்ந்தாள். பந்து கையில் படவில்லை; வாய் நிறைய மணல்; எழுந்து துப்பிவிட்டு, மறுபடியும் பாய்ந்தாள். எங்கள் மாவட்டத்தில் கடற்கரைக்கா பஞ்சம், இத்தனை வருடமாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஆசிரியர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். உவரிக் கடற்கரை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

தேர்வுப் பட்டியல் நாங்கள் ஊர் திரும்பிய பிறகு ஆசிரியரின் வாட்ஸ்ஆப்புக்கு வந்தது. எங்கள் ஐவரில் ஒருத்தி, அடிப்பவர்களுக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் செட்டராக ஆடியவள், முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். இசக்கியின் பெயர் இல்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை, ஆனால் இரண்டு நாள்கள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இளையோர் பிரிவுக்குப் பிறந்த ஆண்டைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அவளுக்கு அடுத்த தேர்வுக்கும் வயது இருக்கிறது என்று ஆசிரியர் வந்து சொன்ன பிறகு, முழங்கால் கவசம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

இப்போது எங்கள் கவலையெல்லாம் கூரை உள்ள ஓர் இடம் கிடைப்பதைப் பற்றியது. பக்கத்து நகரத்தில் மரத் தரை போட்ட உள்ளரங்கம் ஒன்று இருக்கிறது. காலையிலும் மாலையிலும் பணம் கட்டி இறகுப்பந்து ஆடுகிறவர்கள் அதை மொத்தமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கையெழுத்தோடு மனு எழுதி, ஆசிரியரும் நானும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாரத்தில் இரண்டு நாள்கள், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை தரலாம், விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பள்ளி நேரம் என்பதால் சனிக்கிழமை மட்டும்தான் நமக்குப் பயன்படும். மின்விசிறி வேண்டாம் என்று சொல்லி, சனிக்கிழமைக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் உவரிக்கு வேன் பிடிப்பது பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் இனிமேல்தான் பேச வேண்டும்.