பால் தீய்ந்தது தெரியவில்லை

எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "என்னப்பா, அடுப்புல எதையாவது மறந்துட்டீங்களா? மாடி வரைக்கும் தீய்ஞ்ச வாடை வருது" என்று கத்திய பிறகுதான் எழுந்து ஓடினோம். பால் பாத்திரம் அடிபிடித்துக் கருகி, அடுக்களை முழுக்கப் புகை. பத்தடி தள்ளி ஹாலில் மனைவி, அடுத்த அறையில் நான். இரண்டு பேர் மூக்கிலும் ஒன்றும் ஏறவில்லை. 2021 மே மாதம், கொரோனா காலம், சென்னை. எனக்கு உடம்புவலி ஆரம்பித்து ஐந்தாவது நாள்.

அன்றைக்கு உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டேன். மே 5, புதன்கிழமை, ஆபீஸ் ஏசி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு பேர் சாப்பிட்டோம். ஒருவருக்குத் தொண்டைக் கரகரப்பு. ஐஸ் வாட்டர் குடித்தேன் என்றார், நாங்களும் நம்பினோம். ஞாயிறு ராத்திரி எனக்குக் குளிர்காய்ச்சல். மறுநாள் ஊரடங்கு. காய்ச்சல் வந்ததுமே தனி அறைக்குப் போய்விட்டேன்; தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. எவ்வளவு பொறுப்பாக இருக்கிறேன் என்று ஒரு பெருமைகூட. ஆனால் இந்த வைரஸ் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். வெள்ளியும் சனியும், இருக்கிற ஒரே ஏசிக்காக, அம்மா, மனைவி, நான் மூவரும் ஒரே அறையில்தான் படுத்திருந்தோம்.

ஒரு வருஷமாகப் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிய வீடு எங்களுடையது. காய்கறிக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர்க் குளியல். பேச்சிலும் மூச்சிலும் வரும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும் என்று தெரிந்திருந்தால், கழுவிய நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்போம்.

கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வர மூன்று நாள் ஆனது. வந்த காகிதத்தில் 'சிடி 19' என்று போட்டிருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியதும் சித்தப்பா போன் போட்டுவிட்டார்: "நுரையீரல் பத்தொன்பது பர்சென்ட் போயிடுச்சாடா?" அது ஸ்கேன் இல்லை சித்தப்பா, டெஸ்டில் வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும்போது எத்தனையாவது சுற்றில் அது தென்பட்டது என்கிற கணக்கு, எண் குறைந்தால் கிருமி அதிகம் என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

டாக்டராக இருக்கும் என் அத்தை மகன்தான் தினமும் ராத்திரி போனில் வருவான். வைரஸின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதம், நம் செல்லின் மேலிருக்கும் ஏசிஇ2 என்ற ஏற்பியில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்றான். மூக்கில் வாசனை நரம்பைத் தாங்கி நிற்கும் செல்களில் அந்த ஏற்பி உண்டு. அவை அடிபட்டால் நரம்பு நன்றாக இருந்தும் வாசனை போய்விடும். குடலிலும் அது உண்டு. அப்போதுதான் உறைத்தது: அம்மாவுக்கு முதலில் வந்தது இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு. மாம்பழச் சூடு என்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டே நாளில், ஏப்ரல் 17-ஆம் தேதி, நடிகர் விவேக் மாரடைப்பால் இறந்த பிறகு தடுப்பூசிப் பேச்சையே எடுக்கவிடவில்லை. மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னது அவரிடம் எடுபடவில்லை.

அம்மாவுக்கு எட்டாவது நாள் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்து பூண்டு உரித்தபடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை வழக்கம்போல விரலில் மாட்டினேன்: 91. மெஷின் கோளாறு என்று என் விரலில் வைத்தேன், 97. அம்மாவின் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தேன், 90. "எனக்கு ஒண்ணும் இல்லடா, சீரியல மறைக்காத" என்றார். மூச்சுத்திணறலை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயுதான். அது ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருந்தால், ஆக்சிஜன் சத்தமில்லாமல் இறங்குவது தெரியவே தெரியாது. அந்த மெஷின் இல்லாவிட்டால் நானும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

குப்புறப் படுக்க வைத்தோம். 93-க்கு ஏறியது. படுக்கைக்காக அன்று நான் போட்ட போன்களை எண்ணவில்லை. சில இடங்களில் எடுக்கவே இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அரசு மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் படுக்கை கிடைத்தது. ஆறு நாள் ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். இரண்டாவது வாரத்தில் வைரஸைவிட உடம்பின் எதிர்ப்புதான் நுரையீரலைப் புண்ணாக்குகிறது, அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு, அதனால்தான் முதல் வாரத்திலேயே கொடுக்கக் கூடாது என்று டியூட்டி டாக்டர் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஸ்டீராய்டால் அம்மாவின் சர்க்கரை 380-க்கு எகிறி, இன்சுலின் போட்டு இறக்கினார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து, கழிவறை வரை நடந்தாலே உட்கார்ந்துவிடும் நிலைமை ஒரு மாதம் இருந்தது. எனக்கு மூன்று வாரத்தில் வாசனை திரும்பியது, முதலில் பெருங்காயம். மனைவிக்குத்தான் கோணலாகத் திரும்பியது: காபித்தூள் டப்பாவைத் திறந்தால் டயர் எரிகிற நாற்றம் அடிக்கிறது என்றாள். ஐந்து மாதம் அந்த டப்பா எதிர்வீட்டு அக்கா வீட்டில் இருந்தது. நானும் அம்மாவும் காலையில் டம்ளரோடு அங்கே போய்க் குடித்துவிட்டு வருவோம், வராந்தாவில் நின்று.