ஒரு நாளைக்கு ஒரு கல்

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலூரில் இதற்குக் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கே மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை.

தம்பி அனுப்பிய பார்சல் வந்தது. நெட்டிலிருந்து இறக்கி, பெங்களூரில் ஏதோ ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்திருக்கிறான். 'கிரேஸி கேட்' என்கிற பழைய அமெரிக்கப் படக்கதை, அறுபது பக்கம். பூனை, எலி, நாய் போலீஸ். டிராயிங் மாஸ்டராக இருந்த காலத்தில் நைனாவிடம் இதில் நாலைந்து படம்தான் இருந்தது, ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து வெட்டியது. இடது கையால் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முதல் படம் முடிந்ததும் அடுத்ததைப் புரட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டு ஒரு விரலைக் காட்டினார். தினம் ஒன்றாக வந்ததைத் தினம் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டுமாம். சரி.

மே 5

கட்டிலில் தலைமாடு உயரமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு சூளை மேஸ்திரி இரண்டு செங்கல் கொண்டுவந்து கட்டில் காலுக்கு அடியில் அவரே வைத்தார். காசு வாங்கவில்லை.

மே 6

23க்கு இன்னும் பதினேழு நாள்.

மே 7

ஐந்து மணிக்கே கூட்டம். பக்கத்து வீட்டு ஆயா, மேஸ்திரி, கையைத் தூக்கவைத்துப் பழக்க வரும் பிசியோ தம்பி. நான் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பூனைக்கு எலிமேல் உயிர். எலிக்குப் பூனையைக் கண்டால் ஆகாது. செங்கல்லை எடுத்து மண்டையில் வீசும். பூனையோ 'என்மேல் எவ்வளவு பிரியம் பார்' என்று உருகும். நாய் போலீஸுக்குப் பூனைமேல் ஒரு கண், அதனால் எலியைப் பிடித்து ஜெயிலில் போடும். எலி வெளியே வந்து அடுத்த கல்லைத் தேடும். 1913 அக்டோபரிலிருந்து 1944 வரை ஜார்ஜ் ஹெரிமன் என்கிற ஒரே ஆள் இதையே வரைந்திருக்கிறார்.

"முப்பது வருசமா ஒரே கல்லா?" என்றார் மேஸ்திரி.

"கல்லு வேற வேற."

"அப்ப சூளைக்காரன் நல்லா சம்பாதிச்சிருப்பான்."

கதையில் சூளைக்காரரும் உண்டு, காலின் கெல்லி என்று ஒரு நாய். சொன்னதும் மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. கல் பறக்கிற கட்டத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது பச்சக் கல்லு. வெந்த கல்லா இருந்தா பூனை எழுந்தே இருக்காது."

ஆயாவின் கோபமெல்லாம் போலீஸ்மேல். "அவன் இன்னாத்துக்குக் குறுக்க வரான்? அது அவங்க வூட்டு விசயம்."

பிசியோ தம்பிக்கு இன்றுமுதல் நாய் போலீஸ் என்று பெயர். வைத்தவர் நைனா. படத்தில் தொப்பி போட்ட நாயைத் தொட்டார், அப்புறம் தம்பியின் சட்டைப் பையைத் தொட்டார். தம்பி சல்யூட் அடித்துவிட்டு, "கையத் தூக்குங்க சார், இல்லன்னா ஜெயிலு" என்றான்.

மே 8

இன்று பெரிய பஞ்சாயத்து. பூனை ஆணா பெண்ணா? ஹெரிமன் ஓரிடத்தில் அவன் என்கிறார், இன்னோரிடத்தில் அவள் என்கிறார். நான் தமிழில் 'அது' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். நாய் போலீஸ்தான் எட்டிப் பார்த்து, "அக்கா, நேத்து ஹீ, இன்னிக்கு ஷீ!" என்று பிடித்துவிட்டான்.

"பூனைன்னா அது. இதுல இன்னா கீது பேச?" என்றார் ஆயா.

மேஸ்திரி ஆண் கட்சி. இத்தனை அடி வாங்கியும் அன்பு என்று நம்புகிறவன் ஆம்பளையாகத்தான் இருப்பானாம், சொந்த அனுபவமாம். அதைக் கேட்டதும் ஆயா பெண் கட்சிக்குத் தாவினார். "நாப்பது வருசம் வாங்கினவ நான். என்னைக் கேளு." எல்லோரும் சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

மே 9

தண்ணீர் வரவில்லை. 23 பற்றி நைனாவிடம் யாரும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

மே 11

இன்றைய படத்தில் கல்லே இல்லை. பூனையும் எலியும் நின்ற இடத்திலேயே நின்று பேசுகின்றன. முதல் கட்டத்தில் பின்னால் ஒரு பாறை. அடுத்ததில் அது மரம். அதற்கடுத்து தொட்டியில் வைத்த செடி. நிலா வெட்டி வைத்த பூசணிக் கீற்று மாதிரி. யாரும் நகரவில்லை, ஊர்தான் நகர்கிறது. நைனாவுக்கு இதுதான் உயிர். பாறையின் விளிம்பை விரலால் வரைந்து வரைந்து காட்டினார்.

கதை நடக்கிற கோகோனினோ அரிசோனாவில் நிஜமாகவே உள்ள மாவட்டம். ஹெரிமன் பிறந்தது நியூ ஆர்லியன்ஸில், ஆனால் மனதைக் கொடுத்தது அரிசோனாப் பக்கத்து மொட்டைப் பாறைகளுக்கு.

"நம்ம ஊர விடவா அக்கா?" என்றான் நாய் போலீஸ். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலு, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை." (பட்டியலில் பெண்களைப் பற்றியும் ஒன்று உண்டு. ஆயா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.)

"சாமிதான் வந்துட்டாரே" என்றார் ஆயா. 1981ல் இங்கே சத்துவாச்சாரியிலிருந்துதான் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குத் திரும்பப் போனார். அதுவரை அந்தக் கோயிலில் கல்தூண்கள்தான். சாமியே கட்டம் மாறி உட்கார்ந்த ஊர் இது, கோகோனினோவைப் பார்த்து நாம் ஏன் வாயைப் பிளக்க வேண்டும்?

நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை அங்கேயே இருந்தது.

மே 13

கஞ்சி புரையேறிவிட்டது. பக்கம் பார்க்கவில்லை. எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். மேஸ்திரி போகும்போது குனிந்து செங்கல் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மே 14

விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டு பார்க்கலாமா என்றேன். ஒரு விரல்.

மே 16

பின்னால் தம்பி ஹெரிமனைப் பற்றி ஒரு பக்கம் சேர்த்திருக்கிறான். நைனா தூங்கும்போது படித்தேன். படித்திருக்கக் கூடாது.

1944 ஏப்ரல் 25ல் ஹெரிமன் இறந்துபோனார். முன்கூட்டியே வரைந்து கொடுத்தது கையிருப்பில் இருந்ததால் ஜூன் 25 வரை பேப்பரில் வந்துகொண்டிருந்தது. ஆள் போய் இரண்டு மாதம் அந்தப் பூனை அடி வாங்கிக்கொண்டு 'எவ்வளவு பிரியம்' என்று உருகியிருக்கிறது. இன்னொருவரை வைத்துத் தொடரவில்லை. மேஜைமேல் பென்சிலில் போட்டு மை ஏற்றாத கட்டங்கள் கிடந்தனவாம்.

மை ஏற்றாதது இந்த வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கோட்டை அகழி, மதில், மேலே பாதி வானம். மார்கழியிலிருந்து பலகையில் கிளிப் போட்டபடி. பீரோமேல் தூக்கி வைத்துவிடலாம் என்று கிட்டே போனேன். அழிரப்பரின் துகள் இன்னும் காகிதத்தில் ஒட்டியிருந்தது. தொடவில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். தம்பிக்கு போன் செய்து திட்டினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தான், அதனால் இன்னும் கோபம் வந்தது.

மே 18

மதில்மேல் ஒரு நிஜப் பூனை. எந்தப் பக்கம் குதிக்கும் என்று நைனாவும் நானும் பத்து நிமிஷம் பார்த்தோம். கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். திரும்புவதற்குள் பூனை இல்லை.

மே 20

இந்தப் பூனை பேசுவது ஒழுங்கான இங்கிலீஷே இல்லை. எலியை 'லில் ஏஞ்ஜில்' என்று கொஞ்சும். 'செல்லம்', 'ராசா' எல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. இன்று கல் விழுந்த கட்டத்தில் குரலை இழுத்து, "ஐயோ, என் தங்கக்கட்டி!" என்று படித்துவிட்டேன்.

கட்டி. இரண்டு வாரமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. ஆயா முந்தானையைச் சரிசெய்தார். மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். நாய் போலீஸ் பிடித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் சிரித்தது நைனா. தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அப்புறம் தலையைத் தொட்டுக் காட்டி, "தங்கம்... தங்கம்" என்றார். சரியான வார்த்தை! மூக்குக்கண்ணாடியை நாலு நாளாகக் கரண்டி என்கிறவர்.

"தங்கமா இருந்தா டாக்டருங்க எடுத்துத் திருப்பித் தருவாங்களா சார்?" என்றான் நாய் போலீஸ். ஆயா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பாரு, எவ்ளோ பிரியம்" என்றார் மேஸ்திரி.

மே 21

தம்பி நாளை ராத்திரி காட்பாடியில் இறங்குகிறான். சவரம் செய்ய ஆள் வந்தார். தலை முழுக்க எடுத்ததும் நைனா சின்னப் பையன் மாதிரி இருக்கிறார்.

மே 22

சாயங்காலம் இன்றைய பக்கம் முடிந்தது. நைனா தானே அடுத்த தாளைப் பிடித்தார். நாளைக்கு உள்ளதை இப்போதே காட்டச் சொல்கிறார். பதினெட்டு நாள் ஒற்றை விரலைக் காட்டியவர்.

"நாளைக்கு அங்க வெச்சே பாக்கலாம் நைனா" என்று புத்தகத்தை மூடினேன். விதி அவர் போட்டது, அதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அவர் பிடித்திருந்த தாளை விடவே இல்லை. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மனசு கேட்காமல் எழுந்து போனேன். தூங்குகிறார். எழுப்பக் கூடாது, காலையில் வெறும் வயிறு, மருந்து வேறு. எல்லாம் சரிதான். நான் மட்டும் எப்படிப் பார்ப்பது? பார்க்கவில்லை.

தம்பி ஹாலில் உட்கார்ந்து பாதி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வந்ததிலிருந்து பலகைக்கு முன்னால்தான்.

மே 23

நாலே முக்காலுக்கே விழித்திருந்தார். லைட்டைப் போட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். ஐந்தரைக்கு ஆட்டோ. ஆயா திருநீறோடு வாசலில் நிற்கிறார். இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், நிலா இருக்கிற கட்டம்